மாநிலச் சட்டத்தை வற்புறுத்திக் கேட்டது யார் என்று கண்டறியும் முறை

அமைச்சரையோ சட்டமன்ற உறுப்பினரையோ நேரில் கண்டு வற்புறுத்தும் ஊதியப் பிரதிநிதிகள் அதைப் பொதுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சென்னைக் கோட்டைக்கு வந்துபோகும் தொழில் கூட்டமைப்பினருக்கு அத்தகைய கடமை எதுவும் இல்லை. ஆகவே இங்கே தடத்தை அரசு ஆவணங்களிலிருந்து நாமேதான் எடுக்க வேண்டும்.

முதலில் மசோதாவின் இறுதியில் இணைக்கப்படும் நோக்கக் காரண விளக்கவுரையைப் படியுங்கள். பலர் புரட்டாமல் விடும் பக்கம் அது. தொழிற்சாலைகளுக்கு வேலைநேர விதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்து, பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிட்ட மசோதாவைத் தமிழகப் பேரவை 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. தொழில் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் நெகிழ்வான வேலைநேரம் வேண்டுமென்று கோரிக்கை வைத்ததை அதன் விளக்கவுரையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் எந்தச் சங்கம், எந்தத் தேதியில் என்பது அதில் இருக்காது.

அந்த விடுபாட்டை நிரப்பத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் உதவும். சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். ‘ஏன் இந்தத் திருத்தம்?’ என்று கேட்டால் கிடைப்பது மழுப்பலான பதிலே. விளக்கவுரை குறிப்பிடும் கோரிக்கை மனுக்களின் நகல்கள், அவை பெறப்பட்ட தேதிகள், அதிகாரிகள் கருத்தெழுதும் கோப்பின் குறிப்புப் பகுதி, ஆலோசனைக் கூட்டங்களில் கலந்துகொண்டோர் பட்டியல் எனப் பொருளைச் சுட்டிக் கேட்க வேண்டும். அமைச்சரவை ஆவணம் என்று மறுத்தால், முடிவெடுத்து விவகாரம் முடிந்தபின் அதற்கான காரணங்களையும் அடிப்படையான ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்று 8(1)(i) பிரிவே கூறுவதை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டலாம். வணிக இரகசியம் என்றால், அந்தப் பகுதியை மட்டும் நீக்கி மீதியைத் தருமாறு 10ஆம் பிரிவின்கீழ் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

மனுக்கள் கைக்கு வந்ததும் அவற்றின் வாசகங்களையும் மசோதாவின் வாசகங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். அண்டை மாநிலங்களின் சட்டங்களையும் பாருங்கள்: கர்நாடகம் இதே போன்ற திருத்தத்தை அதே ஆண்டு பிப்ரவரியிலேயே நிறைவேற்றியிருந்தது, அதன் பின்னணியில் ஆப்பிள், பாக்ஸ்கான் நிறுவனங்களின் முயற்சி இருந்ததாக இலண்டன் நாளிதழ் ஒன்று எழுதியது.

பலரும் முதலில் தேடுவது கட்சி நன்கொடைகளைத்தான். இருபதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்டவற்றைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2024இல் வெளியான தேர்தல் பத்திர விவரங்களும் கிடைக்கின்றன. எனினும் நன்கொடையும் சட்டமும் அடுத்தடுத்து வந்ததாலேயே ஒன்று மற்றதன் விலை என்று எழுதிவிடக் கூடாது. பணத்தின் தேதியை விட மனுவின் தேதியே வலுவான சான்று என்பது என் கருத்து.

எதிர்த்தரப்பின் அழுத்தத்தையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். ஏப்ரல் 21 அன்று ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் 24ஆம் தேதி மசோதா நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். எனவே மசோதாவை நிறுத்திய கோப்பையும், அதில் உள்ள தொழிற்சங்கக் கடிதங்களையும் அதே விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.