முகத்துக்கு ஆசிட்: முதல் பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி

ஆசிட்னு சொன்னதும் எங்கம்மாவுக்கு பாத்ரூம் கழுவுற பாட்டில்தான் ஞாபகம் வந்துச்சு. "அதையா மூஞ்சில பூசிக்கப் போற?" இது வேற ஆசிட்தான். தோல் மேல ஒட்டிக்கிட்டிருக்கிற செத்த செல்களோட பிடிப்பைத் தளர்த்தி, தேய்க்காமலே உதிர வைக்கும். ஆனா அம்மா பயந்ததுலயும் பாதி நியாயம் இருக்கு.

சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது 10 சதவீத கிளைகாலிக்னு ஒரு ஆசிட் வாங்கி, மூணு ராத்திரி விடாம பூசினேன். சுரீர்னு எரிஞ்சுது. வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் மதியம் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓரத்துல உட்கார்ந்து வெயில் வாங்கினதுல வலது கன்னம் சிவந்து, அப்புறம் அஞ்சு ரூபா காசு அளவுக்குக் கருத்துப்போச்சு. மங்கவே நாலு மாசம் ஆச்சு. நம்ம மாநிறத் தோல்ல எரிச்சல் போனாலும் கருப்பு தங்கிடும். அதனால கீழ சொல்றது எல்லாமே எரியாம பார்த்துக்கிறதுக்கான வழிதான்.

படி 1: ஒண்ணே ஒண்ணு வாங்குங்க

எண்ணெய் வழியிற முகம், மூக்கு மேல கரும்புள்ளி, அடிக்கடி பருன்னா சாலிசிலிக். அது எண்ணெயில கரையும், அதனால துவாரத்துக்குள்ள போய் அடைப்பை எடுக்கும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு நிறைய பேருக்கு இதுவே போதும். 2 சதவீதத்தைத் தாண்ட வேணாம். ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்க இதைத் தொடாதீங்க.

முகம் மங்கலா, வறண்டு இருக்கு, பரு வந்த தழும்பு கருத்திருக்குன்னா 5 சதவீத லாக்டிக், இல்ல மாண்டெலிக். ரெண்டும் மெதுவா உள்ள இறங்கும். கிளைகாலிக் மூலக்கூறு இந்த வகையிலேயே சின்னது, சட்டுனு இறங்கும், சட்டுனு எரிக்கும். அதை அப்புறம் பார்த்துக்கலாம். ரத்தச் சிவப்பா 30 சதவீதம்னு விக்கிற பீலிங் பாட்டிலை கடையிலேயே விட்டுட்டு வாங்க.

அமெரிக்காவுல அழகுசாதனப் பொருளை ஆராயுற நிபுணர் குழு, கிளைகாலிக், லாக்டிக் வகைக்கு வீட்டு உபயோக வரம்பா சொன்னது 10 சதவீதம், பிஎச் (ஆசிட் எவ்வளவு கடுமைன்னு காட்டுற எண்) 3.5க்குக் குறையக் கூடாது. எலுமிச்சைச் சாறு கிட்டத்தட்ட 2. எண் குறையக் குறைய ஆசிட் தன்மை கூடும். "இயற்கைதானே"ன்னு எலுமிச்சம்பழத்தை முகத்துல தேய்க்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

வெள்ளையாகணும்னு மெடிக்கல்ல வாங்கின ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கிட்டிருக்கீங்களா? தோல் ஏற்கெனவே மெலிஞ்சிருக்கும். ஆசிட் பக்கமே போகாம முதல்ல டாக்டரைப் பாருங்க. கர்ப்பிணிகளும் கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

படி 2: கையில சோதனை

முழங்கை மடிப்புக்குக் கீழ, உள்பக்கமா ஒரு சொட்டு. ரெண்டு நாள் பாருங்க. தடிப்பு, அரிப்பு இல்லன்னா முகத்துக்குப் போகலாம்.

படி 3: ராத்திரி, காய்ஞ்ச முகத்துல

மென்மையான ஃபேஸ்வாஷ் போதும், ஸ்க்ரப் வேணாம். எங்க தெரு போர் தண்ணி உப்புக் கரிக்கும். கழுவினதும் கன்னம் இழுத்துப் பிடிக்கும். அந்த நிலையில பூசினா கண்டிப்பா எரியும். அதனால கடைசியா ஒரு சொம்பு கேன் தண்ணியில அலசுவேன். துண்டால ஒத்தி எடுத்து, பத்து நிமிஷம் ஃபேனுக்குக் கீழ உட்காருவேன். ஈரத்தோல்ல ஆசிட் வேகமா இறங்கும், அதுக்குத்தான் இந்தக் காத்திருப்பு. அப்புறம் ரெண்டு மூணு சொட்டு. கண்ணைச் சுத்தி, மூக்கோரம், உதட்டோரம் வேணாம். மேல மாய்ஸ்சரைசர். பயமா இருந்தா மாய்ஸ்சரைசரை முதல்ல பூசிட்டு, அதுக்கு மேல ஆசிட் போடுங்க.

முதல் மாசம் வாரத்துக்கு ஒரு ராத்திரி. ஒத்துக்கிச்சுன்னா ரெண்டு. நான் இன்னிக்கு வரைக்கும் ரெண்டைத் தாண்டல. ரெட்டினால் போடுறவங்க அதை வேற ராத்திரிக்கு வச்சுக்கோங்க. த்ரெட்டிங், வேக்ஸிங் பண்ணா முன்ன பின்ன நாலஞ்சு நாள் விட்டுடுங்க.

படி 4: சன்ஸ்கிரீன்

இது இல்லன்னா ஆசிட்டே வேணாம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாம, ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நீளத்துக்குப் பிதுக்கி எடுங்க. காசிமேட்டு வெயில்ல வியர்வையோட ஓடிடும். வெளிய இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். கிளைகாலிக், லாக்டிக்கை நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்கு வெயில் சட்டுனு பிடிக்கும், அதனால அப்பவும் விடாதீங்க.

பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும். முதல்ல வழக்கமா பரு வர்ற இடத்துல சின்னதா நாலு கூட வரலாம். பருவே வராத இடத்துல பொரிப்பொரியா வந்தாலும், வெறும் தண்ணி பட்டாலே எரிஞ்சாலும் அது தோல் தாங்கலன்னு சொல்றது. உடனே நிறுத்தி, மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போடுங்க. கொப்புளம் வந்தா, நீர் வடிஞ்சா மஞ்சள், கத்தாழைன்னு எதையும் தடவாதீங்க. காலையிலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போய் ஓ.பி. சீட்டு போடுங்க. அந்த பாட்டிலையும் பையில எடுத்துட்டுப் போங்க. என்ன பூசினீங்கன்னுதான் டாக்டர் முதல்ல கேட்பாங்க.