கவிதை எழுத வைக்கும் ஆசிரியரைப் பாராட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

செப்டம்பர் 5 நெருங்கினால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வசூல் ஆரம்பித்துவிடும். ஆளுக்கு நூறு ரூபாய். ஒரு சால்வை, ஒரு ஷீல்டு, ஒரு பேனா, கொஞ்சம் இனிப்பு. அன்போடு செய்கிற எதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பாடப்புத்தகத்தை முடிப்பதோடு நிற்காமல், பிள்ளைகளை உட்கார வைத்து அவர்கள் கண்ணால் கண்டதைக் கவிதையாக எழுத வைக்கிற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நாம் பாராட்டுகிற விதத்தில், பாராட்டே அவர்கள் வேலையைக் கெடுத்துவிடுகிற சில இடங்கள் உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்த காலத்தில் இவற்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிலவற்றை நானே செய்தேன்.

எல்லாருக்கும் பொருந்தும் வார்த்தைகள்

‘அரும்பணி’, ‘அறப்பணி’, ‘ஏற்றிவிடும் ஏணி’, ‘உருகும் மெழுகுவத்தி’. மேடையில் இவற்றைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியருக்கும் இவை பொருந்தும். கேட்கிற ஆசிரியருக்குத் தான் செய்ததில் எது பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது என்பது தெரியாமலே விழா முடிந்துவிடுகிறது.

ஆசிரியரைப் பாராட்டுவது எப்படி என்பதற்குத் தமிழில் உ.வே.சாமிநாதையரைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. 1876-இல் பிள்ளை மறைந்தார். அதற்கு 57 ஆண்டுகள் கழித்து, 1933-இலும் 1934-இலும், ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார் சாமிநாதையர். அதில் வெறும் புகழ்ச்சி இல்லை. பிள்ளை வாயால் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக மாணவர்கள் ஏட்டில் எழுதியது, மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டுப் படிக்க வைத்தது, கடன் தொல்லை, எந்தப் பாடல் யாருக்காக எந்தச் சூழலில் பிறந்தது என்று சின்னச் சின்ன விவரங்களாக நிறைந்து கிடக்கும். ஒரு மனிதரை அவ்வளவு கூர்ந்து கவனித்து நினைவில் வைத்திருந்தாரே, அதுதான் அவர் செலுத்திய மரியாதை.

நாம் இரண்டு பாகம் எழுத வேண்டாம். இரண்டு வாக்கியம் போதும். “வீட்டில் காலையில் முதலில் எழும் சத்தம் எது என்று வகுப்பில் கேட்டீர்களாமே டீச்சர், அன்றிலிருந்து என் பெண் கண்ணைத் திறக்காமலே படுத்தபடி காது கொடுத்துக் கேட்கிறாள். நேற்று பால்காரர் வண்டிக்கும் பேப்பர்காரர் வண்டிக்கும் வித்தியாசம் சொன்னாள்.” இப்படிச் சொன்னால் அந்தக் கேள்வி வேலை செய்திருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். அடுத்த வருடப் பிள்ளைகளிடமும் அதைக் கேட்பார். எந்த நாள், எந்தக் கேள்வி, பிள்ளையிடம் என்ன மாறியது, இவை மூன்றையும் சொல்லுங்கள். அதையே ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடமும் ஒரு பிரதி கொடுத்தால் இன்னும் நல்லது.

பிள்ளையின் கவிதையை நாம் திருத்துவது

இது என் தவறு. என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய தமிழ் டீச்சர் மழையைப் பற்றி எழுதச் சொன்னார். வகுப்பில் எழுதியதை வீட்டில் நல்ல தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும், சுவரில் ஒட்டுவதற்காக. அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

மழை வந்தது
நாங்கள் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினோம்
அம்மா மட்டும் மாடிக்கு

நான் படித்துவிட்டு, இதில் என்ன கவிதை இருக்கிறது என்று நினைத்தேன். டீச்சர் இவ்வளவு பாடுபடுகிறாரே, அவருக்குப் பெருமை சேர்க்கிற மாதிரி கொடுத்தனுப்ப வேண்டாமா என்று உண்மையிலேயே நல்ல எண்ணத்தில்தான் உட்கார்ந்தேன். ‘மாமழை பொழிந்தது, மனமெல்லாம் நிறைந்தது’ என்று எதுகை மோனையோடு எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். மகள் மறுபேச்சு பேசாமல் அழகாகப் பார்த்தெழுதினாள்.

மறுநாள் டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டது ஒன்றுதான்: “இதுல இருந்த அம்மாவைக் காணோமே?”

அப்போதுதான் அந்த மூன்று வரியை நான் சரியாகப் படித்தேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் வேடிக்கை பார்த்தோம், என் மனைவி மாடிக்கு ஓடினாள். பதினொரு வயதுப் பிள்ளை அதைக் கவனித்திருக்கிறாள். துணி என்ற சொல்லையே எழுதாமல் சொல்லவும் செய்திருக்கிறாள். அப்படிக் கவனிக்கப் பழக்கியவர் அந்த டீச்சர். அவருடைய பல மாத உழைப்பை ஒரே ராத்திரியில் அழித்துவிட்டு, அதைப் பாராட்டு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ர, ற தவறாக இருந்தால்? இருக்கட்டும். நல்ல ஆசிரியர்கள் பிழையைத் தனியாக, வேறொரு நாளில் பார்த்துக்கொள்கிறார்கள். எழுதும்போதே சிவப்பு மை வந்தால் பிள்ளை தனக்கு எழுத்து தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுத ஆரம்பித்துவிடும். பார்த்ததெல்லாம் வெளியே நின்றுவிடும்.

மதிப்பெண்ணையும் பரிசையும் வைத்து நன்றி சொல்வது

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு வினா வரும். ஒரு படம் கொடுத்திருப்பார்கள், அதைப் பார்த்து எழுத வேண்டும். அருமையான வினா. ஆனால் அதற்கும் ஒரு தயார்க் கவிதை புழக்கத்தில் இருக்கிறது. மரம் வந்தாலும் சரி, உழவர் வந்தாலும் சரி, எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக எழுதப்பட்ட சில வரிகள். மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் படத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

அந்தத் தயார் வரிகளைக் கொடுக்காமல், “படத்தைப் பாரு, உனக்குத் தோணறதை எழுது” என்று சொல்கிற ஆசிரியருக்குத்தான் பெற்றோரிடம் கெட்ட பெயர். ‘பக்கத்து செக்‌ஷனில் எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கிறார்களே’ என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்க் வந்தபிறகு அதே ஆசிரியருக்கு நன்றி சொல்லி என்ன பயன்? அவருக்கு ஆதரவு தேவைப்படுவது அந்தக் கூட்டத்தில்தான். ஒரு பெற்றோராவது எழுந்து, “இல்லை, டீச்சர் செய்வது சரி” என்று சொன்னால், ஆயிரம் சால்வைக்கு ஈடு.

போட்டிப் பரிசும் இப்படித்தான். மாவட்ட அளவில் பரிசு வாங்கிய ஒரு பிள்ளையை வைத்து ஆசிரியரைப் புகழ்ந்தால், அடுத்த வருடம் அவர் மீதிப் பேரை விட்டுவிட்டு அந்த ஒரு பிள்ளையைத் தேட வேண்டியிருக்கும். கடைசி பெஞ்சில் ஒரு வரி மட்டும் எழுதுகிற பையனும் அவருடைய வெற்றிதான். அவனைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

“டீச்சர் எழுதிக் கொடுத்திருப்பார்”

நல்ல கவிதை ஒன்றைப் பார்த்ததும் பெரியவர்கள் வாயில் சட்டென்று வருகிற வார்த்தை இது. ஆசிரியரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துச் சொல்கிறார்கள். பிள்ளையையும் ஆசிரியரையும் ஒரே நேரத்தில் புண்படுத்துகிற வார்த்தை. எழுதிக் கொடுக்காமல் எழுத வைப்பதுதான் அவர் படுகிற பாடு.

புதுச்சேரியில் தமிழாசிரியராக இருந்த கனக சுப்புரத்தினம், பாரதியார் முன்னால் ‘எங்கெங்குக் காணினும் சக்தியடா’ என்று பாட்டெழுதியபோது பாரதி என்ன செய்தார்? அதைச் சுதேசமித்திரன் பத்திரிகைக்கு அனுப்பினார். தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்த கனக சுப்புரத்தினம் எழுதியது என்று குறிப்பும் சேர்த்து அனுப்பினார். எழுதியவரின் பெயர் எழுதியவருக்கு. தூண்டியவர் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். பாரதிதாசன் என்ற பெயரைச் சுப்புரத்தினம் தானாக வைத்துக்கொண்டது தனிக் கதை. பள்ளி ஆண்டு மலரிலும் கையெழுத்துப் பத்திரிகையிலும் இதே ஒழுங்கு இருக்க வேண்டும்: கவிதைக்குக் கீழே பிள்ளையின் பெயர், வகுப்பு. ஆசிரியருக்கு முன்பக்கத்தில் நன்றி.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். பிள்ளையைக் கேட்காமல் அதன் கவிதையைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். அப்பா குடித்துவிட்டு வந்த இரவைப் பற்றிக்கூட ஒரு பிள்ளை எழுதியிருக்கலாம். டீச்சரை நம்பி எழுதியது அது. இன்னொரு ஆசிரியரைத் தாழ்த்தி இவரை உயர்த்தாதீர்கள். ஆசிரியர் அறையில் அவர்தான் அதைச் சுமக்க வேண்டும். எழுதத் தூண்டுகிறவர் தமிழாசிரியராகத்தான் இருப்பார் என்றும் எண்ண வேண்டாம், எங்கள் பள்ளியில் கணக்கு சார் ஒருவர் இருந்தார். பொருளாக ஏதாவது செய்ய ஆசை இருந்தால் ஷீல்டு பணத்தில் நோட்டும் பென்சிலும் கதைப்புத்தகமும் வாங்கிக் கொடுக்கலாம். எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, திருத்தும் தாள்கள் என்று மூழ்கிக் கிடப்பவருக்கு, பிள்ளைகளின் கவிதைகளைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, பின் அடித்துக் கொடுக்க ஒரு ஆள் கிடைத்தால் அது பெரிய உதவி.

காத்திருப்பது

ஆசிரியர் தினம் வரட்டும், ஆண்டு விழா வரட்டும், பணி நிறைவு விழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம். அரசுப் பள்ளியில் மாறுதல் கலந்தாய்வு வந்தால் இன்று இருப்பவர் அடுத்த மாதம் வேறு ஊரில் இருப்பார். என் மகளின் டீச்சர் அப்படித்தான் போனார். நாங்கள் சால்வை வாங்கி வைத்திருந்தோம், கொடுக்க ஆள் இல்லை.

அதற்கும் வழி இருக்கிறது. அஞ்சலட்டை ஒன்று 50 பைசா. உங்கள் பிள்ளையிடம் ஒன்றைக் கொடுத்து, சமீபத்தில் எழுதிய கவிதையை அதில் எழுதச் சொல்லுங்கள். புதுப் பள்ளியின் முகவரியை மட்டும் நீங்கள் எழுதுங்கள். பெட்டியில் போடுவதற்கு முன்னால் வாங்கிப் பிழை திருத்த வேண்டாம்.