தெருப்பூனைக்கு ஒரு அடைமழைப் பெட்டி

காரைக்குடிப் பக்கம் பூனையைப் படுத்துவது குளிரைவிட ஈரம்தான். ஐப்பசி மழையில் நனைந்த உடம்போடு மார்கழிப் பனியில் கிடந்தால் குட்டிகள் தாங்காது.

மீன் கடையில் ஐஸ் போட்டு வரும் தெர்மோகோல் பெட்டி போதும். சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல வெயிலில் காய வைத்தால் கவிச்சி குறையும். நீளமான பக்கத்தில், ஓரமாக, அடியிலிருந்து 5 செ.மீ. மேலே, 15 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை. நடுவில் வெட்டினால் சாரல் நேரே படுக்கைக்கு வரும். பெரிதாக வெட்டினால் நாய் தலையை நுழைக்கும். விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டவும். இல்லையென்றால் நகம் பட்டு வெள்ளை மணிமணியாக உதிரும். மூடியை ஒட்டி, மேலே ஒரு செங்கல்.

உள்ளே பழைய சேலையைப் போட்டதுதான் என் தப்பு. துணி ஈரத்தை உறிஞ்சி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். காய்ந்த வைக்கோல்தான் சரி: பாதி உயரத்துக்கு, அமுக்காமல். பூஞ்சை வாடை வந்தால் அன்றே மாற்றவும்.

பெட்டியை நாலு செங்கல் மேல் ஏற்றித் திண்ணை மூலையில் வைத்து, ஓட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஒரு முழம் இடைவெளி விடவும். முற்றம் வேண்டவே வேண்டாம். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அங்கேதான் கொட்டும்.

பால் வைத்தால் பல பூனைகளுக்கு வயிறு போகும். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த மீனை முள் எடுத்துப் போடலாம். சோர்ந்து கிடக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.