டவர் இல்லாத தோப்புக்கு வண்டி வர, லொகேஷனைச் சரியாக எடுப்பது எப்படி

மாங்காய் சீசனில் என் பிக்கப் வண்டி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளில்தான் சுற்றும். பெங்களூரா ரக மாங்காயை ஏற்றி மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் இறக்குவது வேலை. இந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் கொட்டாய் என்று பெயர் முடியும் சின்னக் குடியிருப்புகள்தான், ஒரே பெயரில் இரண்டு மூன்று கூட இருக்கும். அதனால் தோப்புக்காரர்களிடம் லொகேஷன் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று: இடம் கண்டுபிடிக்க நெட் தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தான் எங்கே இருக்கிறது, இப்போது நேரம் என்ன என்பதை ஒவ்வொன்றும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். போச்சம்பள்ளியிலிருந்து இவ்வளவு தூரம், பர்கூரிலிருந்து இவ்வளவு தூரம் என்றால் வரைபடத்தில் இரண்டு இடம் பொருந்தும்; மூன்றாவது ஊரின் தூரமும் தெரிந்தால் ஒன்றுதான் மிஞ்சும். மேலேயும் அதே கணக்குதான். ஆனால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டும். ஏனென்றால் அவற்றில் இருப்பது அணுக் கடிகாரம், போனில் இருப்பது சாதாரணக் கடிகாரம். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தள்ளிக் காட்டும். அந்தப் பிசகைத் திருத்தத்தான் நான்காவது.

அமெரிக்காவின் ஜிபிஎஸ் தவிர ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாம் இருக்கின்றன. நம் நாட்டுக்கு நாவிக். அதன் முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ 2013 ஜூலை 1 அன்று ஏவியது. புதிய போன்கள் பலவும் இதையும் எடுக்கும்.

நெட் உதவுவது இரண்டு விஷயத்துக்கு: மேப் படம் வர, அப்புறம் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவல் சீக்கிரம் கிடைக்க. அஞ்செட்டிப் பக்கம் போல டவர் விட்டுவிட்டு வரும் இடத்துக்குப் போவதாக இருந்தால், வீட்டிலேயே கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

லொகேஷன் எடுக்கும்போது மாமரத்தடி நிழலில் நிற்காதீர்கள். அடர்ந்த இலையும் பக்கத்துப் பாறையும் சிக்னலைக் கெடுக்கும். வண்டி திரும்பக்கூடிய வெட்டவெளிக்கு வாருங்கள். நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர் நீல வட்டம் பெரிதாக இருந்தால் போனுக்கு இன்னும் இடம் பிடிபடவில்லை என்று அர்த்தம். வட்டம் சுருங்கும்வரை நில்லுங்கள். நெட் இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லை. பிறகு புள்ளி மேல் விரலை அழுத்திப் பிடித்தால், எங்கள் பக்கம் 12, 78 என்று தொடங்கும் இரண்டு எண்கள் வரும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். சாதாரண மெசேஜிலோ போனிலோ கூட இதைச் சொல்லிவிடலாம்.

செயற்கைக்கோள் சொல்வது நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும். ரோடு எது என்று சொல்வது மேப். லோடு வண்டிக்கு ஆகாத ஏரிக்கரைப் பாதையையும் அது காட்டிவிடும். அதனால் கேட்டருகே ஒரு பாயின்ட், தார் ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில் ஒரு பாயின்ட் என இரண்டாக அனுப்புங்கள். தோப்பின் நடுவில் எடுத்த பாயின்ட் டிரைவருக்கு உதவாது.

இதே போனை வைத்து வரப்புத் தகராறு தீர்க்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம். வெட்டவெளியிலேயே ஐந்து மீட்டர் வரை முன்பின் ஆகும். வரப்பைத் துல்லியமாக அளக்கும் கருவி வேறு. துல்லியமாகத் தெரிந்த இடத்தில் நிற்கும் இன்னொரு ரிசீவரோடு ஒப்பிட்டு, பிழையைக் கழித்து, சென்டிமீட்டர் கணக்கில் காட்டும். கல் நடுவதென்றால் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.