என்.எம்.ஆர். காட்டும் ஆர்.என்.ஏ. வடிவத்தை வீட்டிலிருந்தே பார்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆர்.என்.ஏ. புதிதல்ல. ஒற்றைச் சங்கிலி, நான்கு நைதரசன் மூலங்கள் என்று படித்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சங்கிலி மடிந்து, தன்னோடு தானே சோடி சேர்ந்து, தனக்கென ஒரு வடிவம் எடுப்பதைப் பாடநூலின் தட்டைப் படத்தில் காண முடியாது. அந்த வடிவங்களை விஞ்ஞானிகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ இருந்தபடி, ஒரு மடிக்கணினியும் கொஞ்சம் டேட்டாவும் இருந்தால் போதும். கைபேசியிலும் திறக்கும், ஆனால் மவுஸ் இருந்தால் சுழற்றிப் பார்ப்பது சுலபம்.

முதலில், என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்தப் பரிவு) என்ன செய்கிறது?

ஐதரசன் அணுவின் கரு ஒரு சின்னக் காந்தம். அதை வலுவான காந்தப்புலத்தில் வைத்தால், குறிப்பிட்ட ரேடியோ அதிர்வெண்ணுக்குப் பதில் சொல்லும். 14.1 டெஸ்லா புலத்தில் அது ஏறத்தாழ 600 மெகாஹேர்ட்ஸ். பக்கத்தில் என்ன அணுக்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அந்த எண் மிகச் சிறிதளவு, பத்து லட்சத்தில் சில பங்கு (பி.பி.எம்.) அளவில், மாறும். அந்தச் சிறு மாற்றத்தை வைத்துத்தான் எந்த ஐதரசன் எங்கே இருக்கிறது என்று பிரித்தறிகிறார்கள்.

வடிவம் கிடைப்பது இன்னொரு விளைவால். இரண்டு ஐதரசன்கள் ஏறத்தாழ 5 ஆங்ஸ்ட்ரோமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ரோம் என்பது மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருந்தால் ஒன்றின் நிலை மற்றதைப் பாதிக்கும். இதை என்.ஓ.ஈ. என்பார்கள். தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்மாறாக இது குறைவதால், கொஞ்சம் விலகினாலே சமிக்ஞை காணாமல் போய்விடும். இப்படி நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூரங்களைத் திரட்டி, அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் வடிவங்களைக் கணினி தேடுகிறது. ஒன்றல்ல, பல வடிவங்கள். இதை மனதில் வைத்திருங்கள், கீழே முக்கியமாகும். புரதங்களுக்கு இந்த வழியை உருவாக்கிய கேர்ட் வூத்ரிச்சுக்கு 2002ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

படி 1: புரதத்தில் தொடங்குங்கள்

கூகிளில் ஆர்.சி.எஸ்.பி. என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, பி.டி.பி. எனப்படும் புரதத் தரவு வங்கிக்குப் போங்கள். 1971இல் ஏழே ஏழு வடிவங்களோடு தொடங்கிய வங்கி இது. தேடல் பெட்டியில் 1டி3இசட் (1D3Z) என்ற குறியீட்டை இடுங்கள். வருவது யுபிகுவிற்றின், 76 அமினோவமிலங்கள் கொண்ட சிறிய புரதம். பக்கத்தில் செய்முறை என்ற இடத்தில் 'சொல்யூஷன் என்.எம்.ஆர்.' என்று இருக்கும். சமர்ப்பித்த வடிவங்கள் 10 என்றும் இருக்கும். இவை ஒவ்வொன்றையும் மொடல் என்பார்கள்.

படி 2: எல்லா மொடல்களையும் ஒன்றாகப் பாருங்கள்

முப்பரிமாணப் படத்துக்கான இணைப்பை அழுத்தினால் மோல்ஸ்டார் என்ற பார்வைக்கருவி உலாவியிலேயே திறக்கும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. முதலில் ஒரு மொடல்தான் தெரியும். வலப்பக்கப் பலகையில் 'ஸ்ட்ரக்சர்' பகுதியில் 'பிரீசெட்' என்பதைத் திறந்து 'ஆல் மொடல்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

இப்போது பத்தும் ஒன்றின்மேல் ஒன்றாக வரும். உடல் பகுதி ஒரே கோடு போல இறுகியிருக்கும். கடைசி நாலைந்து அமினோவமிலங்கள் மட்டும் பத்துத் திசைக்குப் பிரியும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏறும் பட்டத்தின் வால் மாதிரி. புதிதாகப் பார்ப்பவர்கள் பலர் இதைக் கணக்கில் வந்த பிழை என்றே நினைக்கிறார்கள். பிழை அல்ல. இறுகிய இடத்தில் தூரத் தகவல் நிறைய இருக்கிறது, பிரிந்த இடத்தில் குறைவு. யுபிகுவிற்றினின் வால் உண்மையாகவே ஆடுகிறது, அதனால்தான் அங்கே தகவல் குறைவு. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி என்று எடுத்துவிடக் கூடாது. சில வேளை சமிக்ஞைகள் ஒன்றோடொன்று கலந்து, அளக்க முடியாமல் போனதாலும் பிரியும். ஒற்றைப் படத்தைப் பார்த்து முடிவு சொல்பவர் இந்த வேறுபாட்டை முழுக்கத் தவறவிடுவார். அதனால் என்.எம்.ஆர். வடிவத்தை எப்போதும் கட்டாகவே பாருங்கள்.

படி 3: இப்போது ஆர்.என்.ஏ.

குறியீடு 1ஏஎன்ஆர் (1ANR). எச்.ஐ.வி. வைரசின் டார் எனப்படும் ஆர்.என்.ஏ. துண்டு, 29 நியூக்கிளியோரைட்டுகள், 20 மொடல்கள். கப்ரியேல் வரானியின் குழு 1990களில் கேம்பிரிட்ஜில் செய்த வேலை இது. ஆர்.என்.ஏ.யும் அதைப் பிடிக்கும் புரதங்களும் பற்றி என்.எம்.ஆர். மூலம் நீண்டகாலம் ஆய்ந்தவர் அவர், பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

ஆர்.என்.ஏ. புரதத்தைவிடச் சிரமம் தரும். புரதத்தில் 20 வகை அமினோவமிலங்கள், இங்கே நான்கே மூலங்கள். ஆகவே சமிக்ஞைகள் ஒரே இடத்தில் நெருக்கியடிக்கும். அவற்றைப் பிரிக்க காபன்-13, நைதரசன்-15 சேர்த்து ஆர்.என்.ஏ.யைத் தயாரிப்பார்கள். இயற்கையில் காபன்-13 ஏறத்தாழ 1.1 சதவீதம்தான், நைதரசன்-15 அரை சதவீதமும் இல்லை.

ஒரு மொடலை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே உள்ள வரிசைப் பலகையில் 26 என்ற எண்ணுள்ள குவானினை அழுத்துங்கள். எண்கள் 17இல் தொடங்கும். படம் அங்கே நெருங்கிப் போய், எதிரிலுள்ள 39ஆவது சைற்றோசினோடு புள்ளிக்கோடுகள் காட்டும். அவைதான் ஐதரசன் பிணைப்புகள். அவற்றில் ஒன்றின் நடுவில், குவானினின் நைதரசனில் ஒட்டியிருக்கும் இமினோ ஐதரசன் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சோடி சேராத இமினோ ஐதரசன் சுற்றியுள்ள நீரோடு வேகமாக இடம் மாற்றிக்கொள்ளும், சமிக்ஞை தெரியாது. சோடி சேர்ந்தது பாதுகாப்பாக இருப்பதால் 12 முதல் 15 பி.பி.எம். வரையான பகுதியில் தனியாகத் தெரியும். ஆகவே அந்தப் பகுதியில் எத்தனை முகடுகள் என்று எண்ணினாலே, உறுதியாக நிற்கும் சோடிகள் எத்தனை என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆர்.என்.ஏ. மாதிரியைக் கருவிக்குள் வைத்ததும் ஆய்வாளர் தேடும் முதல் விஷயங்களில் இதுவும் ஒன்று. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

அடுத்து 23, 24, 25 ஆகிய மூன்றையும் அழுத்துங்கள். யுராசில், சைற்றோசின், யுராசில். எதிரில் சோடி இல்லாததால் தண்டிலிருந்து புடைத்து நிற்கும். 'ஆல் மொடல்ஸ்' போட்டால் இந்தப் பகுதியும் உச்சியிலுள்ள வளையமும் எவ்வளவு விரிகின்றன என்று தெரியும்.

படி 4: ஒப்பிடுங்கள்

இன்னொரு சாளரத்தில் 1ஏஆர்ஜே (1ARJ) திறங்கள். அதே டார், ஆனால் ஆர்ஜினினமைட் என்ற சின்ன மூலக்கூறு ஒட்டிய நிலை. டாட் என்ற வைரசுப் புரதம் டாரைப் பிடிக்கும்போது அதன் ஆர்ஜினின் செய்யும் வேலையைத்தான் இது போலச்செய்கிறது. இங்கே 23ஆவது யுராசில் உள்ளே, 27-38 சோடியின் பக்கம் வருகிறது. 24, 25 இரண்டும் வெளியே புரள்கின்றன. வளைந்திருந்த இரண்டு தண்டுகளும் நேராக ஒன்றின்மேல் ஒன்று அமர்கின்றன. இரண்டு சாளரங்களையும் ஒரே கோணத்துக்குத் திருப்பி வைத்துப் பாருங்கள், மாற்றம் கண்ணுக்கு நேரே தெரியும்.

படி 5: புரதமும் ஆர்.என்.ஏ.யும் சேர்ந்து

கடைசியாக 1ஏயுடி (1AUD). யு1ஏ என்ற மனிதப் புரதம், தன்னையே உண்டாக்கும் தூது ஆர்.என்.ஏ.யின் ஒரு பகுதியைப் பிடித்திருக்கும் வடிவம், 31 மொடல்கள். தேவைக்கு மேல் புரதம் சேர்ந்தால் அது இங்கே ஒட்டி, அந்தத் தூது ஆர்.என்.ஏ.க்கு அடினின்களாலான பொலி-ஏ வால் சேர்வதைத் தடுக்கிறது. புரதத்தின் தட்டையான பீட்டா தகட்டின்மேல் ஆர்.என்.ஏ.யின் மூலங்கள் விரிந்து கிடக்கும். வரிசைப் பலகையில் 13ஆவது டைரோசினையும் 56ஆவது பீனைலலனினையும் அழுத்தி, எந்த மூலங்கள் அவற்றின்மேல் அடுக்காக அமர்ந்திருக்கின்றன என்று நீங்களே கண்டுபிடியுங்கள். பிறகு 31 மொடல்களையும் ஒன்றாக்கி, அந்த இடம் இறுகுகிறதா விரிகிறதா என்று பாருங்கள்.