விலைக் கணக்குகளைச் சமன்பாடாக எழுதும் முறை

பொருள்களின் விலையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வாக்கியக் கணக்குகளில், சமன்பாட்டைத் தீர்ப்பதைக் காட்டிலும் வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதுவதுதான் கடினம். ஆகவே எடுத்த எடுப்பில் கூட்டவோ கழிக்கவோ முற்படாமல், மாறி (தெரியாத விலைக்குப் பதிலாக நாம் எழுதும் எழுத்து) எதைக் குறிக்கிறது என்பதை முதலில் முழு வாக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும். ‘ப என்பது பேனா’ என்று எழுதுவது பிழை. ‘ப என்பது ஒரு பேனாவின் விலை’ என்பதே சரி. அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர், 3ப என்பதை மூன்று பேனாக்களின் மொத்த விலை என்று படிக்காமல் வெறுமனே மூன்று பேனாக்கள் என்று படித்து, எண்ணிக்கையையும் விலையையும் ஒன்றோடொன்று கூட்டிவிடுவார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 3 நோட்டுகளுக்கும் 2 பேனாக்களுக்கும் சேர்த்து விலை 84. ஒரு நோட்டின் விலை ஒரு பேனாவின் விலையைவிட 8 அதிகம். பேனாவின் விலை ப எனில், நோட்டின் விலை ப + 8. இங்கே 8-ஐத் தவறான பக்கத்தில் சேர்த்துவிடுவது எளிது என்பதால், எது விலை கூடியது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இனி 3(ப + 8) + 2ப = 84 என்று எழுதலாம். அடைப்புக்குறியை நீக்கினால் 5ப + 24 = 84; 24-ஐக் கழித்தால் 5ப = 60; ஆகவே ப = 12, நோட்டின் விலை 20. சரிபார்க்கும்போது நாம் எழுதிய சமன்பாட்டில் பிரதியிடுவது போதாது, ஏனெனில் அதுவே தவறாக இருக்கக்கூடும். வினாவின் சொற்களுக்கே திரும்ப வேண்டும். 60 + 24 = 84; 20 − 12 = 8. இரண்டும் பொருந்துகின்றன.

மனக்கணக்கு ஏமாற்றும் இடங்களில் இம்முறையின் அருமை தெரியும். பையும் புத்தகமும் சேர்ந்து 66, பை புத்தகத்தைவிட 60 அதிகம் என்றால், புத்தகத்தின் விலை 6 என்றுதான் வாய் முந்திச் சொல்லும். ஆனால் புத்தகத்தின் விலையைப் பு எனக் கொண்டு பு + (பு + 60) = 66 என்று எழுதினால், பு = 3 என வருகிறது. தள்ளுபடிக் கணக்கும் இப்படித்தான்: 20 விழுக்காடு தள்ளுபடிக்குப் பின் விலை 240 எனில், 240-க்கு 20 விழுக்காடு கூட்டி 288 என்பது தவறு, தள்ளுபடி பழைய விலையின் மீது கணக்கிடப்படுவதால், பழைய விலை வி எனில் 0.8வி = 240, வி = 300.

இரு விலைகளுக்கும் இடையே நேரடித் தொடர்பு தரப்படாதபோது இரண்டு மாறிகள், இரண்டு சமன்பாடுகள் வேண்டும். ஒரு நோட்டின் விலை ந, ஒரு பேனாவின் விலை ப என்று கொள்வோம். 2ந + 3ப = 61, 4ந + ப = 67 எனில், முதலாவதை இரண்டால் பெருக்கி, கிடைக்கும் 4ந + 6ப = 122 என்பதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 5ப = 55; ப = 11, ந = 14. இரண்டாவது தகவல் 4ந + 6ப = 122 என்றே தரப்பட்டிருந்தால், அது முதல் தகவலின் இரட்டிப்பேயன்றிப் புதிய செய்தி அன்று; அதைக் கொண்டு விலைகளைத் தனித்தனியே கண்டுபிடிக்க இயலாது. அதுவே 4ந + 6ப = 130 என்றிருந்தால், இரண்டு தகவல்களும் ஒன்றையொன்று மறுப்பதால் தீர்வே இல்லை.