மலைநாட்டு மரவேலைப் பட்டறையை ஒழுங்குபடுத்தும் முறை

இலங்கை மலைநாட்டின் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் மரவேலைப் பட்டறை அமைப்பவர், இயந்திரங்களை எங்கே நிறுத்துவது என்று யோசிப்பதற்கு முன்னர், ஈரம் எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் சாரலைக் கொண்டுவந்து அடிக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் டிசெம்பரை ஒட்டி வரும் வடகீழ்ப் பருவக்காற்றே அதிகத் தொல்லை. சாரல் விழும் சுவருக்கு எதிர்ச்சுவரோரமே பலகை அடுக்குக்கு உரிய இடம்.

பலகைகளைத் தரையில் கிடத்தாமல், சீமெந்துக் கற்களின் மேல் தாங்குகட்டைகளை இட்டு அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் முக்கால் அங்குல ரீப்பை (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை ஏறக்குறைய 2 அடிக்கு ஒன்றாக, கீழுள்ள துண்டுக்கு நேர்மேலே அடுத்தது அமையுமாறு வைக்க வேண்டும். அது தவறினால் பலகை அந்த இடத்திலேயே வளையும். யூகலிப்டஸ் முனைகளில் வெடிக்கும் குணமுடையதாதலால், அறுத்த அன்றே இரு முனைகளுக்கும் பெயின்ட் பூசி, அதன் மேல் திகதியையும் எழுதிவிடுங்கள். ஓர் அங்குலக் கனம் காற்றில் உலர ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. பனிமூட்டத்தில் அதற்கு மேலும் பொறுக்க நேரிடும்.

அடுக்கிலிருந்து வாள் மேசை, சீவும் இயந்திரம், வேலை மேசை என்று மரம் ஒரே திசையில் நகர வேண்டும். 8 அடிப் பலகையை நீளவாட்டில் அறுக்க வாளுக்கு முன்னும் பின்னும் 8 அடி வீதம் வேண்டும். இடம் குறுகிய கொட்டகையில் வாளைக் கதவுக்கு நேராக நிறுத்தினால், கதவைத் திறந்துவிட்டு அறுக்கலாம். வேலை மேசையை வாள் மேசையைவிட ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) தாழ்வாகச் செய்து பின்னால் போட்டால், அறுத்த பலகையைத் தாங்க வேறொருவர் தேவையில்லை.

உளி, சீவுளி முதலியவற்றைக் கைக்கெட்டும் உயரத்தில் மாட்டுங்கள். ஒவ்வொன்றின் உருவையும் சுவரில் வரைந்து வைப்பது பார்வைக்கு அழகுதான். புதிதாக ஒரு கருவி வாங்கியதும் எல்லாவற்றையும் அழித்து வரைய வேண்டியிருப்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. மழைக்காலத்தில் இரும்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அவசியம். சாணை இயந்திரத்தின் பொறி மரத்தூளில் விழாதபடி அதைத் தனி மூலையில் வையுங்கள். லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், மாலையில் அதை வெளியே கொடியில் விரித்துக் காயவிட்ட பின்னரே பட்டறையைப் பூட்டுங்கள்.